மங்கல் விளக்குகளின் காலம்

2005-ஆம் ஆண்டு ‘அஸ்ட்ரானமி அண்ட் அஸ்ட்ரோஃபிஸிக்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. கருந்துளைகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று அதைச் சொல்லலாம். எழுதியவர்கள் மூன்று பேர்: குந்தர் ஹாஸிங்கர், தகாமிட்ஸு மியாஜி, மார்ட்டென் ஷ்மிட். மூன்றாவது பெயரைப் பார்த்ததும் சற்று நிறுத்திவிட்டேன். 1963 மார்ச் மாதம் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சின்னக் குறிப்பின் கீழும் இதே பெயர்தான் இருந்தது. அந்தக் குறிப்போடுதான் குவேசார் என்கிற விஷயமே மனிதர்களுக்கு அறிமுகமானது. அப்போது ஷ்மிட்டுக்கு வயது 33. ஹாஸிங்கரோடு சேர்ந்து எழுதும்போது 75.

ஒருவர் ஒரே கேள்வியை நாற்பத்திரண்டு வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதே பெரிய விஷயம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. முதல் கட்டுரை வானத்திலேயே பளிச்சென்று தெரியும் குவேசாரைப் பற்றியது. கடைசியில் வந்தது, கண்ணுக்கே அகப்படாத மங்கலான ஆட்களைப் பற்றியது. இடைப்பட்ட காலத்தில் பிரபஞ்சத்துக்கு ஒரு வரலாறு எழுதப்பட்டது. முதலில் பிரகாசமானவற்றை மட்டும் வைத்து எழுதினார்கள். பிறகு மங்கலானவை வந்து சாட்சி சொன்னதும், காலவரிசையையே திருத்த வேண்டியதாயிற்று.

கதைக்குள் போகுமுன் ஒரு சின்ன விளக்கம். பெரிய கேலக்ஸிகள் ஏறக்குறைய எல்லாவற்றின் நடுவிலும் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது. சூரியனைப் போலச் சில லட்சம் மடங்கிலிருந்து பல நூறு கோடி மடங்கு வரை எடை. சும்மா இருந்தால் அது இருப்பதே தெரியாது. வாயு வந்து விழத் தொடங்கினால், உள்ளே போவதற்கு முன் அந்த வாயு சுழன்று, உரசி, கொதித்து ஒளிர்கிறது. அந்த ஒளி சுற்றியுள்ள கேலக்ஸியையே அமுக்கிவிடும் அளவுக்கு இருந்தால் அதற்குக் குவேசார் என்று பெயர். கேலக்ஸியும் தெரிகிறது, நடுவில் ஒரு புள்ளியும் மினுக்குகிறது என்றால் ‘செயலூக்கமுள்ள கேலக்ஸி’. இரண்டுக்கும் இயந்திரம் ஒன்றுதான், வேறுபாடு பிரகாசத்தில். அப்படியானால் இரண்டின் வரலாறும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இருக்கவில்லை.

எட்டா, பன்னிரண்டா, அறுபத்து நான்கா

குவேசார் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அதைப் பற்றிய சண்டை தொடங்கிவிட்டது. 1948-ல் ஃப்ரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் மூவரும் ‘நிலைத்த பிரபஞ்சம்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். பிரபஞ்சம் விரிகிறது, ஆனால் புதிய பருப்பொருள் உண்டாகி இடைவெளியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது, ஆகவே எந்தக் காலத்தில் பார்த்தாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார்கள். ஆரம்பம் கிடையாது, முடிவும் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், பிரபஞ்சத்துக்கு வரலாறே கிடையாது.

கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் வானொலி அலைகளில் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் செய்தது வெறும் எண்ணிக்கை. ஒரு பிரகாசத்துக்கு மேல் எத்தனை வானொலி மூலங்கள் இருக்கின்றன? அதில் நான்கில் ஒரு பங்கு பிரகாசம் வரை இறங்கினால் எத்தனை? கணக்கு எளிமையானது. நான்கில் ஒரு பங்கு பிரகாசம் என்றால் இரண்டு மடங்கு தொலைவு. இரண்டு மடங்கு தொலைவு என்றால் எட்டு மடங்கு கொள்ளளவு. மூலங்கள் எங்கும் சீராகப் பரவியிருந்தால் எண்ணிக்கையும் எட்டு மடங்காக வேண்டும். விரிகிற பிரபஞ்சம் என்பதால் எட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே வர வேண்டும்.

1955-ல் ரைல் குழுவின் இரண்டாவது பட்டியல் வெளிவந்தது. மொத்தம் 1936 மூலங்கள். அந்த எண்ணிக்கை ஏறிய வேகத்தைப் பார்த்தால் எட்டு அல்ல, அறுபத்து நான்கு மடங்கு என்கிற தோரணையில் இருந்தது. தொலைவில், அதாவது கடந்த காலத்தில், வானொலி மூலங்கள் குவிந்து கிடந்தன, நிலைத்த பிரபஞ்சம் செத்தது என்று ரைல் முடிவு கட்டினார். ஆனால் சிட்னியில் பெர்னார்ட் மில்ஸ் வேறு வகைத் தொலைநோக்கியால் அதே வானத்தைப் பார்த்தபோது இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவே இல்லை. ரைலின் பட்டியலில் இருந்த மங்கலான மூலங்களில் கணிசமானவை மூலங்களே அல்ல. பக்கத்துப் பக்கத்தில் இருந்த பல மங்கல் புள்ளிகளை அவருடைய கருவி ஒன்றாகக் குழப்பிக் காட்டியிருந்தது.

ரைல் கருவியை மேம்படுத்தி மறுபடி எண்ணினார். 1961 பிப்ரவரியில் புதிய முடிவை அறிவித்தார். இந்த முறை அறுபத்து நான்கு இல்லை, சுமார் பன்னிரண்டு. இருந்தாலும் எட்டைவிட அதிகம்தான். ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் ஹாயில் தரப்பில் எழுந்து பதில் சொன்னவர் அவருடைய ஆராய்ச்சி மாணவரான ஜயந்த் நார்லிகர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். சண்டை அதோடு ஓயவில்லை. ஓயாததற்கு நியாயமான காரணமும் இருந்தது. ரைலுக்குத் தன் மூலங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்றே தெரியாது. மங்கலாக இருப்பதெல்லாம் தொலைவில் இருப்பது என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டுச் சிம்னி விளக்கும் மங்கல்தான், பத்து மைல் தள்ளி எரியும் பெட்ரோமாக்ஸும் மங்கல்தான்.

1.158

தொலைவு கிடைக்க நிறமாலை வேண்டும். நிறமாலை எடுக்க, வானொலி மூலம் எந்த ஒளிப்புள்ளி என்று தெரிய வேண்டும். அன்றைய வானொலித் தொலைநோக்கிகளுக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. சிரில் ஹஸார்ட் ஓர் அழகான வழி கண்டுபிடித்தார். நிலவின் விளிம்பு கத்தி போலக் கூர்மை. நிலவு எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதும் துல்லியமாகத் தெரியும். ஒரு வானொலி மூலத்தை நிலவு மறைக்கும் நொடியையும் விடும் நொடியையும் குறித்துக்கொண்டால், அந்த மூலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று கணக்கிடலாம். 1962 ஆகஸ்ட் 5 அன்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 3சி 273 என்ற மூலம் இப்படி மறைக்கப்பட்டது. மூலம் அடிவானத்துக்கு மிக அருகில் இருந்ததால், தொலைநோக்கியை அதன் வழக்கமான எல்லைக்கும் கீழே சாய்க்க வேண்டியிருந்தது. குறுக்கே நின்ற மரங்களை வெட்டினார்கள் என்று பார்க்ஸில் இன்றைக்கும் கதை சொல்வார்கள்.

கிடைத்த இடத்தில் இருந்தது பதின்மூன்றாம் பிரகாச அளவுள்ள ஒரு ‘நட்சத்திரம்’. கலிபோர்னியாவின் பாலமர் மலையில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கியில் ஷ்மிட் அதன் நிறமாலையை எடுத்தார். நெதர்லாந்துக்காரர், யான் ஊர்ட்டின் மாணவர், 1959-ல்தான் கால்டெக்குக்கு வந்திருந்தார். நிறமாலையில் அகன்ற கோடுகள் தெரிந்தன. ஆனால் எந்தத் தனிமத்தின் கோடுகள் என்று புரியவில்லை. ஹஸார்டின் கட்டுரையோடு சேர்த்து அனுப்ப ஒரு குறிப்பு எழுத வேண்டும். 1963 பிப்ரவரி 5 அன்று அதற்காக உட்கார்ந்தவர், கோடுகளின் இடைவெளியில் ஓர் ஒழுங்கைக் கவனித்தார். ஒவ்வொரு கோட்டின் அலைநீளத்தையும் நமக்குத் தெரிந்த ஹைட்ரஜன் கோட்டின் அலைநீளத்தால் வகுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விடை 1.158.

அதாவது எல்லாக் கோடுகளும் சிவப்புப் பக்கமாக 16 சதவீதம் நகர்ந்திருந்தன. இந்த நகர்வுக்குத்தான் செம்பெயர்ச்சி என்று பெயர். அந்த ‘நட்சத்திரம்’ 240 கோடி ஒளியாண்டு தொலைவில் இருந்தது. அத்தனை தொலைவிலிருந்தும் சிறிய தொலைநோக்கியில்கூடத் தெரிய வேண்டுமானால், அது லட்சம் கோடிக் கணக்கான சூரியன்களின் வெளிச்சத்தைக் கொட்ட வேண்டும். அதே நாளில் சக வானியலாளர் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைனிடமிருந்த 3சி 48 என்ற இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. அதன் பெயர்ச்சி 0.37. மறு வருஷமே ஹாங்-யீ சியூ ‘குவேசார்’ என்ற பெயரை வைத்தார். 1966 மார்ச்சில் ஷ்மிட்டின் படம் ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் வந்தது.

இந்த ஆரவாரத்தில் யாரும் அதிகம் பேசாத ஒருவர் உண்டு. 1943-ல் கார்ல் ஸேஃபர்ட் என்ற அமெரிக்கர், நடுப்பகுதி மட்டும் வழக்கத்துக்கு மாறாக மினுக்கும் ஆறு கேலக்ஸிகளின் நிறமாலையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அவற்றிலும் அதே மாதிரி அகன்ற கோடுகள்தான். இன்று நாம் ஸேஃபர்ட் கேலக்ஸிகள் என்று அழைப்பவை குவேசார்களின் மங்கலான தம்பிகள். ஆக, வரிசைப்படி பார்த்தால் மங்கலானவைதான் முதலில் கண்ணில் பட்டன. ஆனால் இருபது வருஷம் அதற்கு யாரும் பெரிய முக்கியத்துவம் தரவில்லை. ஸேஃபர்ட் 1960-ல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். தான் தொட்டது என்னவென்று அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லாமல் போயிற்று.

பார்க்க முடிந்தது எவ்வளவு?

தொலைவு தெரிந்ததும் ரைலின் கேள்வியை மறுபடி கேட்கலாம். குவேசார்கள் முற்காலத்தில் அதிகமா? ஷ்மிட் இதற்கு ஒரு முறையைக் கையாண்டார், 1968-ல் வெளியிட்டார். நான் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன், எனக்கு இந்த முறையின் மேல் ஒரு தனி மோகம் உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வேலையில் தரவுத்தளத்துக்கு ‘ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வினவல்களை மட்டும் பதிவு செய்’ என்று சொல்லி வைப்பது வழக்கம். எல்லாவற்றையும் பதிந்தால் வட்டு நிரம்பிவிடும். அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘நம் அமைப்பு இந்த ஆறு மாதத்தில் எப்படி நடந்துகொண்டது’ என்று அறிக்கை எழுதினால், அது மெதுவான வினவல்களின் வரலாறே தவிர அமைப்பின் வரலாறு அல்ல. 0.9 நொடி எடுத்துக்கொண்டவை லட்சக்கணக்கில் இருந்திருக்கலாம். பதிவேடு அதைப் பற்றி வாயே திறக்காது.

வானத்திலும் இதே சிக்கல்தான். தொலைவில் போகப் போகப் பிரகாசமானவை மட்டுமே தெரியும். ஆகவே ‘பழங்காலத்தில் எல்லாமே பிரகாசமாக இருந்தது’ என்று ஏமாறுவது மிகச் சுலபம். ஷ்மிட் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு குவேசாருக்கும் இரண்டு எண்ணைக் கணக்கிட்டார். ஒன்று, நம்மிலிருந்து அது இருக்கும் இடம் வரையிலான கொள்ளளவு. இரண்டு, அதே குவேசாரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால், நம் கணக்கெடுப்பின் வரம்புக்குள் கடைசியாக எங்கே வரை தெரியுமோ அதுவரையிலான கொள்ளளவு. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். குவேசார்கள் சீராகப் பரவியிருந்தால், தனக்குரிய இடத்தில் பாதிப் பேர் உள்பக்கமும் பாதிப் பேர் வெளிப்பக்கமும் இருப்பார்கள், சராசரி சரியாக 0.5 வரும். மங்கலான குவேசாருக்கு அதற்குரிய சிறிய எல்லை, பிரகாசமானதற்கு அதன் பெரிய எல்லை. யாரையும் யாரோடும் ஒப்பிடவில்லை, ஒவ்வொருவரையும் அவரவரைப் பார்க்க முடிந்திருக்கக்கூடிய தூரத்தோடுதான் ஒப்பிடுகிறோம்.

கையில் இருந்தது முப்பத்துச் சொச்சம் குவேசார்கள்தான். சராசரி 0.5-ஐத் தாண்டி நன்றாக மேலே போனது. பெரும்பாலான குவேசார்கள் தங்கள் எல்லையின் வெளிவிளிம்பில், அதாவது கடந்த காலத்தின் பக்கம் ஒதுங்கி நின்றன. 1965-லேயே பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டு நிலைத்த பிரபஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. ஷ்மிட்டின் எண் இன்னொரு பக்கத்திலிருந்து அதையே உறுதி செய்தது. பிரபஞ்சத்துக்கு வரலாறு உண்டு.

முத்தோரைச் சரிவு

இந்தக் கதையின் ஓர் அத்தியாயம் நீலகிரியில் நடந்தது. ஹஸார்ட் 3சி 273-க்குச் செய்ததைப் படித்த கோவிந்த் ஸ்வரூப்புக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு மூலத்துக்குச் செய்ததை ஆயிரம் மூலங்களுக்குச் செய்தால் என்ன? அவர் ஸ்டான்ஃபோர்டில் இருந்து 1963-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தவர். நிலவைத் துரத்த வேண்டுமானால் தொலைநோக்கி மணிக்கணக்காக வானத்தைத் தொடர வேண்டும். அதற்கு ஸ்வரூப் குழு கண்டுபிடித்த விடை ஒரு மலைச்சரிவு. ஊட்டிக்கு அருகில் முத்தோரையில், வடக்கு தெற்காக ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்த சரிவு. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரிதான். ஆகவே சரிவின் மேல் படுக்கவைத்த நீள உருளையின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே ஒரு திசையில் சுழற்றினாலே போதும், நிலவையோ நட்சத்திரத்தையோ ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பின்தொடரலாம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது.

அந்தப் பத்தாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மங்கலான வானொலி மூலங்களை நிலவு மறைப்பதை ஊட்டியில் பதிவு செய்தார்கள். 1975-ல் ஸ்வரூப்பும் அவர் மாணவர் விஜய் கபாஹியும் முடிவுகளை வெளியிட்டார்கள். மூலங்கள் மங்கலாக மங்கலாக அவற்றின் கோண அளவு எப்படிச் சுருங்குகிறது என்பதே கேள்வி. கிடைத்த வளைகோடு நிலைத்த பிரபஞ்சத்தோடு பொருந்தவில்லை. முற்காலத்தில் மூலங்கள் அதிகம், அளவிலும் சிறியவை என்று வைத்துக்கொண்டால்தான் பொருந்தியது. ரைலிடம் தொலைவு இல்லை என்று ஹாயில் தரப்பு சொன்ன குறைக்கு, தொலைவே தெரியாத மூலங்களின் அகலத்தைக் கொண்டு ஒரு பதில் இங்கிருந்து போனது. உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே படுத்திருக்கும் அந்த இரும்புச் சட்டங்கள் இன்றும் வேலை செய்கின்றன.

அதே விளக்கா, வேறு விளக்கா?

1980-களில் படம் ஓரளவு தெளிவானது. சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன், செம்பெயர்ச்சி 2 முதல் 2.5 வரை, குவேசார்கள் உச்சத்தில் இருந்தன. அப்போது பிரகாசமான குவேசார்களின் அடர்த்தி இன்றைப்போல் பல நூறு மடங்கு. அதற்கும் முன்னால் போனால் மறுபடி குறைகிறது. பேட்ரிக் ஆஸ்மர் 1982-ல் அந்தக் குறைவைக் காட்டினார். ஷ்மிட்டும் அவர் கூட்டாளிகளும் பாலமரில் தேடி அதை உறுதி செய்தார்கள். குவேசார்களுக்கு ஒரு பொற்காலம் இருந்தது, முடிந்துவிட்டது.

எப்படி முடிந்தது என்பதில்தான் குழப்பம். ஓர் ஊரில் நேற்று இரவு ஆயிரம் பெட்ரோமாக்ஸ் எரிந்தது, இன்றைக்குச் சில நூறு அகல்விளக்குகள்தான் தெரிகின்றன என்று வையுங்கள். நேற்றைய விளக்குகளே எண்ணெய் வற்றி மங்கிப்போயினவா? அல்லது அவை அணைந்து, வேறு வீடுகளில் வேறு விளக்குகள் ஏற்றப்பட்டனவா? ஆஸ்திரேலியாவில் பிரையன் பாயில் முதலானோர் எண்ணிய குவேசார்களைப் பார்த்தால் முதல் விடை கணக்குக்கு வெகு நன்றாகப் பொருந்தியது. எண்ணிக்கை மாறவில்லை, எல்லோரும் சேர்ந்து மங்கினார்கள் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

ஆனால் ஒரு குவேசார் ஆயிரம் கோடி ஆண்டு விடாமல் தின்றுகொண்டே மங்கியிருந்தால், அதன் கருந்துளை இன்று பிரம்மாண்டமாக வீங்கியிருக்க வேண்டும். நம் அருகில் உள்ள ஸேஃபர்ட் கேலக்ஸிகளின் கருந்துளைகளை எடை போட்டால், பெரும்பாலும் சில கோடிச் சூரியன்கள் அளவுதான் வருகிறது. பழைய மகாராஜாக்கள் மெலிந்து இப்படி ஆக முடியாது, கருந்துளை மெலியாது. அப்படியானால் அந்த மகாராஜாக்கள் எங்கே? 1969-லேயே டொனால்ட் லிண்டன்-பெல் சொல்லிவிட்டார்: அணைந்த குவேசார்கள் நம் அக்கம்பக்கத்துக் கேலக்ஸிகளின் நடுவில் தூங்குகின்றன. 1982-ல் போலந்தின் ஆந்த்ரே ஸோல்டான் கணக்கைப் புரட்டிப் போட்டார். குவேசார்கள் இதுவரை கொட்டிய வெளிச்சம் எல்லாவற்றையும் கூட்டினால், அதற்கு எவ்வளவு வாயு விழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். அவ்வளவு எடையும் இன்றைய கேலக்ஸிகளின் நடுவில் கருந்துளையாக இருந்தாக வேண்டும். பிறகு ஹபிள் தொலைநோக்கி தேடிப் பார்த்தபோது, ஏறக்குறைய அந்த அளவுக்கு இருந்தது. 2019-ல் உலகமே படத்தில் பார்த்த எம்87-இன் 650 கோடிச் சூரியன் எடையுள்ள கருந்துளை அப்படி ஓர் ஓய்வு பெற்ற ஆசாமிதான்.

ஆக, விளக்குகள் வேறு வேறு. அப்படியானால் அகல்விளக்குகளின் வரலாற்றைத் தனியாக எழுத வேண்டும். அதற்குத் தொலைவில் உள்ள மங்கல் கருந்துளைகளைப் பார்க்க வேண்டும். சாதாரண ஒளியில் அது நடக்காத காரியம், அவை குடியிருக்கும் கேலக்ஸியின் வெளிச்சமே அவற்றை மூழ்கடித்துவிடும்.

எக்ஸ்-கதிரில் ஒரு கணக்கெடுப்பு

1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழு ஒரு ராக்கெட்டில் எக்ஸ்-கதிர் உணர்கருவியை அனுப்பியது. சில நிமிடங்கள் மட்டுமே நீடித்த அந்தப் பயணத்தில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, விருச்சிக ராசியில் ஒரு பிரகாசமான மூலம். இன்னொன்று, எந்தத் திசையில் திரும்பினாலும் சீராகத் தெரிந்த ஒரு மெல்லிய எக்ஸ்-கதிர் ஒளி. இது எங்கிருந்து வருகிறது என்பது பல பத்தாண்டுகள் வாதமாக இருந்தது. கருந்துளையை நெருங்கும் வாயு எக்ஸ்-கதிரை உமிழும், சாதாரண நட்சத்திரங்கள் அவ்வளவாக உமிழாது. ஆகவே எக்ஸ்-கதிரில் பார்த்தால் கேலக்ஸி ஒதுங்கிக்கொள்ளும், கருந்துளை மட்டும் நிற்கும்.

1990-ல் ஏவப்பட்ட ஜெர்மானியச் செயற்கைக்கோள் ரோஸாட், வாயு குறைந்த ‘லாக்மன் துளை’ என்ற வானப்பகுதியை நீண்ட நேரம் உற்றுப் பார்த்தது. சீரான ஒளி என்று நினைத்தது புள்ளிகளாக உடைந்தது. ஹாஸிங்கர் அந்த வேலையின் மையத்தில் இருந்தார். கண்ட ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலை எடுத்துத் தொலைவு கண்டுபிடிக்க ஆள் தேவைப்பட்டது. வந்து சேர்ந்தவர் அறுபது வயதைத் தாண்டிய மார்ட்டென் ஷ்மிட். 1999 ஜூலையில் நாசாவின் சந்திரா தொலைநோக்கி போனது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு. நட்சத்திரம் ஓர் எடைக்கு மேல் போனால் வெண்குள்ளனாக நிலைக்க முடியாது என்று இளம் வயதில் அவர் போட்ட கணக்கு, கருந்துளையை நோக்கிய முதல் அடிகளில் ஒன்று. தெற்கு வானத்தின் ஒரே ஒரு துண்டை, முழு நிலவின் முகத்தைவிடச் சின்னத் துண்டை, சந்திரா பல ஆண்டுகளில் பகுதி பகுதியாக மொத்தம் 70 லட்சம் விநாடி பார்த்தது. ஆயிரத்துச் சொச்சம் மூலங்கள், பெரும்பாலானவை கருந்துளைகள். அதே அடர்த்தி வானம் முழுக்க இருந்தால் மொத்தம் சுமார் நூறு கோடி.

2003-ல் யோஷிஹிரோ உவேதா குழுவும், 2005-ல் ஹாஸிங்கர், மியாஜி, ஷ்மிட் மூவரும் கணக்கை முடித்தார்கள். 2005 கட்டுரையில் ஏறத்தாழ ஆயிரம் கருந்துளைகள். பிரகாச வாரியாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவும் எப்போது உச்சத்தில் இருந்தது என்று பார்த்தார்கள். மிகப் பிரகாசமானவை எதிர்பார்த்தபடி செம்பெயர்ச்சி 2 அருகே. பிரகாசம் குறையக் குறைய உச்சம் நம்மை நோக்கி நகர்ந்து வந்தது. ஸேஃபர்ட் அளவு மங்கலானவற்றின் உச்சம் செம்பெயர்ச்சி 1-க்கும் கீழே, அதாவது 800 கோடி ஆண்டுகளுக்கும் இப்பால். மகாராஜாக்களின் காலம் முடிந்து இருநூறு முன்னூறு கோடி ஆண்டுகள் கழித்துத்தான் சாமானியர்களின் காலம் வந்தது.

இது எதிர்பார்ப்புக்கு நேர் தலைகீழ். பிரபஞ்சத்தில் சிறியவை முதலில் உருவாகி, சேர்ந்து சேர்ந்து பெரியவை ஆகின்றன என்பதுதான் அடிப்படைக் கோட்பாடு. கருந்துளைகளோ பெரிய விருந்தை முதலில் முடித்துவிட்டு, சின்னப் பந்தியைப் பிறகு பரிமாறியது போல நடந்துகொண்டன. கேலக்ஸிகளில் நட்சத்திரம் பிறப்பதிலும் இதே போக்கு இருப்பதை லெனாக்ஸ் கவி குழு 1996-ல் சொல்லியிருந்தது. பெரிய கேலக்ஸிகள் ஆரம்பத்திலேயே வேகவேகமாக மோதி, சேர்ந்து, வாயுவைத் தீர்த்துவிட்டன. கருந்துளை கொட்டிய வெப்பமும் காற்றும் மிச்ச வாயுவை விரட்டியடித்தன. நடுத்தரக் கேலக்ஸிகளில் வாயு மெதுவாக, சொட்டுச் சொட்டாக உள்ளே வந்தது, நீண்ட நாள் வந்தது. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

இந்த முடிவைப் பாலமரின் பிரகாசக் குவேசார்களை மட்டும் வைத்து எத்தனை வருஷம் எண்ணியிருந்தாலும் எட்டியிருக்க முடியாது. பதிவேட்டின் வரம்புக்கு மேலே உள்ளவர்களுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் காலம் வேறாக ஓடியிருக்கிறது.

சிவப்புப் புள்ளிகள்

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளிவந்தன. ஷ்மிட் அந்த செப்டம்பர் 17 அன்று, 92 வயதில், காலமானார். அதற்குப் பின் வெப் தரவுகளில் ஒரு விசித்திரம் தென்படத் தொடங்கியது. பிரபஞ்சத்தின் முதல் நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்குள், சின்னஞ்சிறிய, சிவந்த, மங்கலான புள்ளிகள். யோரிட் மத்தே 2024-ல் வந்த கட்டுரையில் ‘சிறு சிவப்புப் புள்ளிகள்’ என்று அவற்றை அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. பலவற்றின் நிறமாலையில் ஸேஃபர்ட் பார்த்தது போன்ற அகன்ற ஹைட்ரஜன் கோடுகள். கருந்துளை என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் இத்தனை மங்கல் கருந்துளைகள் இருக்கும் என்று எக்ஸ்-கதிர்க் கணக்கெடுப்பு சொல்லவில்லை.

சந்திரா அத்தனை நாள் உற்றுப் பார்த்த அதே வானத்துண்டுகளிலும் இந்தப் புள்ளிகள் இருக்கின்றன. எக்ஸ்-கதிரில் அவற்றில் பெரும்பாலானவை தெரியவில்லை. அடர்த்தியான வாயுப் போர்வைக்குள் இருப்பதால் எக்ஸ்-கதிர் வெளிவரவில்லை என்கிறார்கள் சிலர். நாம் எடை போடும் முறையே இவற்றுக்குச் செல்லாது, இவை நினைத்ததைவிடச் சிறியவை என்கிறார்கள் வேறு சிலர். எப்படியானாலும், ‘மங்கலானவை தாமதமாக வந்தன’ என்ற வாக்கியத்தோடு இனி ஒரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: எக்ஸ்-கதிரில் தெரிந்த மங்கலானவை மட்டுமா? 1955-ல் ரைலின் பட்டியல் இல்லாத மங்கல் மூலங்களைக் காட்டியது. எக்ஸ்-கதிர்ப் பட்டியல் இருக்கிற மங்கல் மூலங்களைக் காட்டாமல் விட்டிருக்கலாம்.

இப்போது வானியலாளர்கள் செய்துகொண்டிருப்பது, ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் எடுத்து, வெப்பின் கண்ணுக்கு அது எவ்வளவு தூரம் வரை தெரிந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தக் கொள்ளளவால் வகுப்பது. 1968-ல் முப்பத்துச் சொச்சம் குவேசார்களுக்கு ஷ்மிட் செய்த அதே வகுத்தல்தான்.